ஞாயிற்றுக்கிழமைக் குரல்

வெசான் தீவு
12 மார்ச் 1973

தம்பி கூல்வென்,

உனக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்று நாலு வருஷம் ஆகிறது. இனிமேல் உனக்கு ஒரு வரி எழுதினால் என் பேர் அசெனோர் இல்லை என்று பங்குச் சாமியார் முன்னாலேயே சொல்லியிருந்தேன். இப்போது பேரை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். நீ மாற்றிக்கொள்ளவில்லையா? கூல்வென் மல்கோர்ன் என்று ஞானஸ்நானம் வாங்கியவன் பாரிஸில் போய் ரெமி கார்வால் ஆகவில்லையா?

நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். பயப்படாதே, ஒரு தடவைதான் சொல்வேன். நவம்பர் கடைசியிலிருந்து ஒரு ஞாயிறு தவறவில்லை. பூசை முடிந்து வந்து அம்மா கோட்டைக் கழற்றுவதற்குள் உன் போன் வந்துவிடுகிறது. கண் சுத்தமாகப் போனதிலிருந்து மூலையில் கிடந்தவள், இப்போது சனிக்கிழமையே தலைக்குக் குளித்துவிட்டுத் தயாராக இருக்கிறாள். ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாப்பிடுகிறாள். போனை மட்டும் என்னிடம் தர மாட்டாள். "உனக்குத்தான் அவன் மேல கோவமாச்சே, போய் ஆட்டைப் பாரு" என்கிறாள்.

போன வருஷம் நீ நடித்த படம் ஒன்றைப் பங்கு மண்டபத்தில் போட்டார்கள். அதில் நீ யாரோ ஒரு கிழவியை "அம்மா" என்று கூப்பிட்டாய். கண் தெரியாதவள் அந்த ஒரு சொல்லைக் கேட்கத் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. பெற்றவளை ஒரு நாள் கூப்பிடத் துப்பில்லாதவன் என்று திட்டினேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நிறுத்திவிடாதே, அவ்வளவுதான் கேட்கிறேன்.

அசெனோர்


பாரிஸ்
17 மார்ச் 1973

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீ கேலி செய்கிறாயா என்று பார்த்தேன். கேலி செய்ய உனக்குத் தெரியும், ஆனால் நன்றி சொல்லி நீ கேலி செய்ததில்லை.

நான் போன் பண்ணவில்லை. பண்ணவும் முடியாது. நவம்பரில் என் தொண்டையை அறுத்து எடுத்துவிட்டார்கள். புற்று. கழுத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறேன். மேலே பட்டுத் துணி சுற்றியிருப்பதால் பார்ப்பவர்கள் இது ஏதோ ஸ்டைல் என்று நினைக்கிறார்கள். எனக்குக் குரல் இல்லை அக்கா. இருமினால்கூடச் சத்தம் வராது.

யாருக்கும் சொல்லக் கூடாது என்று தயாரிப்பாளர் கையெழுத்து வாங்கியிருக்கிறார். எடுத்து முடித்த படம் ஒன்று குரல் பதிவு மட்டும் பாக்கியாக நிற்கிறது. என்னிடம் என்ன இருந்தது, சொல். முகமா? பிரெஸ்ட் துறைமுகத்தில் இந்த முகம் தெருவுக்கு நாலு திரியும். கடற்படையில் இருந்தபோது ஒரு கடையில் பீர் சொன்னேன். பின்னால் உட்கார்ந்திருந்த இயக்குநர் திரும்பிப் பார்க்காமலே, "இந்தக் குரல் எனக்கு வேணும்" என்றார். அங்கே ஆரம்பித்ததுதான் எல்லாம். முதலில் மூட்டை தூக்குகிறவன் வேஷம், அப்புறம் திருடன், நரை வந்ததும் இன்ஸ்பெக்டர். குடிகாரர்கள்கூட என்னை மாதிரிப் பேசிக் காட்டுவார்கள். அந்தக் குரலுக்குத்தான் எல்லோரும் சோறு போட்டார்கள். நான் அதைச் சுமந்து திரிந்தவன்.

பாக்கிப் படத்துக்குப் பேச ஒரு ஆளைப் பிடித்திருக்கிறார்கள். ஒக்தாவ் என்று பேர். அச்சாக என் குரலில் பேசுகிறானாம். அவன்தான் விளையாடுகிறான். போய்ப் பல்லைக் கழற்றுகிறேன்.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதே.

கூல்வென்


வெசான் தீவு
22 மார்ச் 1973

அடே பாவி,

தொண்டையை அறுத்துப் போட்டிருக்கிறார்கள், நாலு மாசம் கழித்து அக்காவுக்குத் தெரிகிறது. வைக்கோல் போரில் உட்கார்ந்து அழுதேன். நீ செத்தால் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. என்ன சாப்பிடுகிறாய்? விழுங்க முடிகிறதா? யார் கூட இருக்கிறார்கள்?

இரு. அழுது முடித்தபின் யோசித்தேன். அந்த ஒக்தாவ் எந்த ஊர்க்காரன்? போனில் பேசுகிறவன் நம் பிரெத்தோன் பாஷையில் பேசுகிறான். அதுவும் வெசான் பேச்சு. சின்ன வயதில் நீ நண்டு பிடிக்கப் போய்ப் பாறையில் மாட்டிக்கொண்டதையும், அம்மா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் இறங்கியதையும் சொன்னானாம். அம்மா சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து சொன்னாள்.

தபால் ஆபீசுக்குப் போனேன். தீவுக்கு வருகிற போன் எல்லாம் அங்கே திக்கோஸ் அம்மாளின் கையைத் தாண்டித்தான் வர வேண்டும். அவள் முகம் சுளித்தாள். "உங்க வீட்டுக்கா? பனிக்காலம் தொடங்கினதுலேர்ந்து ஒரு போன் குடுக்கலயே அசெனோர். ஞாயித்துக்கிழமை நான் கதவே தொறக்கறதில்ல."



அசெனோர்


பாரிஸ்
9 ஏப்ரல் 1973

அக்கா,

விழுங்க முடிகிறது. கூட யாரும் இல்லை. அது என் தலையெழுத்து, விடு.

ஒக்தாவைப் பார்த்தேன். பல்லைக் கழற்றவில்லை. லிமோழ் ஊர்க்காரன், தொப்பை, மூக்கால் பேசுகிற பயந்தாங்கொள்ளி. சோப்பு விளம்பரத்துக்குக் குரல் கொடுத்துப் பிழைத்தவன். பிரெத்தோனில் ஒரு சொல் தெரியாது.

ஸ்டுடியோவில் நின்று பார்த்தேன். திரையில் படம் ஓடும், அதற்கு அடியில் ஒரு நாடா ஓடும். வசனத்தை அதில் கையால் எழுதியிருப்பார்கள். எழுத்து நகர்ந்து வந்து ஒரு கோட்டைத் தொடும்போது ஆள் பேச வேண்டும். பதினைந்து வருஷம் நானே செய்த வேலை. விளக்கை அணைத்தார்கள். ஒக்தாவ் வாயைத் திறந்தான். என் குரல் வந்தது. எனக்குக் கழுத்து ஓட்டைக்குள் யாரோ ஊதினாற்போல் சில்லென்றது.

இடைவேளையில் அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அழுதான். "சார், நான் வாயத் தொறக்கறேன், அவ்வளவுதான் சார். எழுத்து கோட்டுக்கு வர்றதுக்குள்ள அது பேசிடுது. வேலை முடிஞ்சதும் எங்க போகுதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

அது உண்மைதான். நாடாவைக் கவனித்தேன். எழுத்து வருவதற்கு ஒரு மூச்சு முன்னாலேயே குரல் வந்துவிடுகிறது. உதட்டோடு மட்டும் அப்படிப் பொருந்துகிறது. அவை என் உதடுகள் இல்லையா?

அப்படியும் சந்தேகம் தீரவில்லை. நேற்று ஞாயிறு, காலையிலேயே அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். கோழி வறுத்துப் போட்டான். தின்றுவிட்டு என் எதிரிலேயே நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். சாயங்காலம் வரை நான் நகரவில்லை. அவன் வீட்டில் போனே கிடையாது.

நேற்று அங்கே மணி அடித்ததா?

கூல்வென்


வெசான் தீவு
23 ஏப்ரல் 1973

தம்பி,

அடித்தது. அம்மா ஒரு மணி நேரம் பேசினாள்.

இத்தனை நாள் கோபத்தில் அந்தப் பக்கம் போகவில்லை, அப்புறம் பயத்தில் போகவில்லை. நேற்று ஈஸ்டர். துணிந்துவிட்டேன். போனின் முதுகில் இன்னொரு காது தொங்குமே, கூட இருப்பவர்கள் கேட்பதற்கு, அதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். அம்மா தடுக்கவில்லை.

நீதான் கூல்வென். நடிகன் குரல் இல்லை, வீட்டுக் குரல். மூச்சு இழுக்கும்போது லேசாகச் சீட்டியடிக்குமே, அதுகூட இருந்தது. பின்னால் வேறு சத்தமே கிடையாது. ஒரு அறையில் இருக்கிற மாதிரியோ தெருவில் இருக்கிற மாதிரியோ இல்லை.

அது அப்பாவைப் பற்றிப் பேசியது. அப்பாவின் படகு மட்டும் திரும்பி வந்ததே, உடம்பு கிடைக்கவில்லையே, அதைப் பற்றி. உடம்புக்குப் பதில் மெழுகுச் சிலுவையை மேசையில் வைத்து ஊரே விடிய விடிய உட்கார்ந்து ப்ரோவெல்லாச் சடங்கு செய்தது. அதற்குத்தான் நீ வரவில்லை. படப்பிடிப்பு என்று தந்தி அடித்தாய். நீயும் நானும் பிரிந்ததும் அதனால்தான்.

நேற்று அது சொன்னது: "அம்மா, அன்னிக்கு நான் வந்திருக்கணும். சிலுவைகிட்ட உக்காந்திருக்கணும். மன்னிச்சுடும்மா."

இத்தனை வருஷத்தில் உன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை. அம்மா கையால் போனைத் தடவிக்கொண்டே இருந்தாள், குழந்தை தலையைத் தடவுவது போல.

அது நீ இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், நிறுத்த மனம் வரவில்லை. அம்மா மறுபடி மனுஷியாகியிருக்கிறாள். டாக்டர் அவளைக் கைவிட்டிருந்தார், உனக்குத் தெரியாது. என்ன செய்யட்டும்? கம்பியை அறுக்கட்டுமா?

அசெனோர்


பாரிஸ்
28 ஏப்ரல் 1973

அக்கா,

அறு. இன்றைக்கே அறு.

படம் வெளிவந்துவிட்டது. பத்திரிகைக்காரர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். கார்வாலின் பேச்சில் இதுவரை இல்லாத ஈரம் வந்திருக்கிறதாம். முப்பது படங்களில் நான் கொடுக்காததை, நான் இல்லாமல் அது கொடுத்திருக்கிறது. தெருவில் ஒரு பெண் என் கையைப் பிடித்து, எங்கே, ஒரு வார்த்தை பேசுங்கள் என்றாள். நான் தலையை ஆட்டினேன். திமிர் பிடித்தவன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாலு வருஷம் போன் என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. கூப்பிடத் தோன்றும். அம்மா அழுவாள் என்று தள்ளிப்போடுவேன். இப்போது எனக்குப் பதிலாக அது போய் மன்னிப்புக் கேட்கிறது. என் மன்னிப்பை அது எப்படிக் கேட்கலாம்? அது என் அம்மா.

பெந்தெகோஸ்துத் திருநாளுக்கு வருகிறேன். பேச முடியாவிட்டால் என்ன? கையைத் தொட்டால் பெற்றவளுக்குத் தெரியாதா? நான் வரும்போது நீ பூசைக்குப் போய்விடு. அவளோடு நான் தனியாக இருக்க வேண்டும். இன்னார் என்று நீ சொல்லி அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. அவளாகவே தெரிந்துகொள்ளட்டும்.

கூல்வென்


வெசான் தீவு
4 ஜூன் 1973

தம்பி,

அன்றைக்கே கம்பியை அறுத்தேன். சுவரிலிருந்து பிடுங்கி எடுத்து அடுப்பில் போட்டேன். போன் இப்போது மேசை மேல் வெறும் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

ஞாயிறு மணி அடித்தது. அதற்கடுத்த ஞாயிறும் அடித்தது. நான் இரண்டாவது காதை எடுத்துக் கேட்பதை விட்டுவிட்டேன்.

நேற்று மட்டும் கேட்டேன், நீ வரப்போகிறாயே என்று. கேட்காமலே இருந்திருக்கலாம். அது அம்மாவிடம் சொன்னது: "அடுத்த ஞாயிறு ஒருத்தர் வருவாரும்மா. பாவம், பேச்சு வராது. சாப்பாடு போட்டு அனுப்பு."

நீ வருவதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வா. ஆனால் மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு வா.

அசெனோர்


பிரெஸ்ட், ரயில் நிலைய ஓட்டல்
11 ஜூன் 1973

அக்கா,

உன்னைப் பார்க்காமல் படகேறியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அந்த முகத்தோடு உன் முன்னால் நிற்க முடியவில்லை.

கதவைத் தட்டினேன். "வாங்க, தொறந்துதான் இருக்கு" என்றாள். வாங்க என்றாள் அக்கா. எனக்காக நம் தீவு வழக்கப்படி, புகைகிற புல்மண் கட்டிகளுக்கு அடியில் சட்டியைப் புதைத்து ஆட்டுக்கறி வேக வைத்திருந்தாள். கண் தெரியாமலே தட்டு வைத்து, பெரிய துண்டாகத் தேடி எடுத்துப் போட்டாள். "என் பையன் சொன்னான், உங்களுக்கு மெதுவாத்தான் விழுங்க வருமாம். அவசரமில்ல."

அவள் கையை எடுத்து என் முகத்தில் வைத்தேன். நெற்றி, மூக்கு, தாடை, எல்லாம் தடவிப் பார்த்தாள். மூக்கில் கை நின்றது. "எங்க வீட்டுக்காரர் மூக்கு மாதிரியே இருக்கு. நீங்களும் இந்தப் பக்கத்து ஆளா?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்பதை அவள் கை உணர்ந்தது. அவ்வளவுதான். கையை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டாள்.

அவளுக்கு எழுத்து தெரியாது. உள்ளங்கையில் நான் எதை எழுதுவது?

அப்போது மணி அடித்தது. கம்பி இல்லாத அந்தப் போன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். நான் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது அந்த முகம் இல்லை. இரண்டாவது காதை அவளே என் கையில் கொடுத்தாள், விருந்தாளிக்கு மரியாதை செய்வது போல.

"அம்மா, அவர் சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டார்ப்பா. நல்ல மனுஷனாத் தெரியறார். யாரும் இல்லாதவர் போல."

"ஆமாம்மா. அவருக்கு யாரும் இல்ல."

அதில் வெறுப்பு இல்லை அக்கா, இரக்கம் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாயைத் திறந்து என் பலத்தையெல்லாம் கூட்டி அம்மா என்று கத்தினேன். கழுத்திலிருந்து காற்று மட்டும் வந்தது. அவள் திரும்பி, "ஜன்னல் சரியா சாத்தல போல, காத்து வருது" என்றாள்.

எழுந்து வந்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. அந்தக் குரலுக்கு ப்ரோவெல்லா செய். உடம்பு கிடைக்காதவர்களுக்குச் செய்கிற மாதிரி. அதுவும் என்னிடமிருந்து தொலைந்துபோனதுதான். சிலுவை செய்து, என் பேரைச் சொல்லித் தீர்த்தம் தெளித்து, கல்லறையில் வைத்துவிடு. அடக்கம் ஆனது எதுவும் திரும்பி வராது என்று அப்பா சொல்வாரே. அது போனபிறகு நான் வருகிறேன். அம்மாவுக்குப் பக்கத்தில் ஊமையாகவே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வருஷம் ஆனாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

கூல்வென்


வெசான் தீவு
25 ஜூன் 1973

தம்பி கூல்வென்,

நீ சொன்னபடி செய்தேன். செய்தது சரியா என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீயே சொல்.

பங்குச் சாமியார் ஒப்பவில்லை. செத்தவர் யார் என்று கேட்டார். குரலுக்கு என்று எப்படிச் சொல்வது? சர்ச் மெழுகுவர்த்தியை உருக்கி நானே சிலுவை செய்தேன். திக்கோஸ் அம்மாளையும் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேரையும் கூப்பிட்டேன். பாரிஸில் தெரிந்தவர், உடம்பு ஊர் வராது என்று மட்டும் சொன்னேன். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, தட்டில் சிலுவையை வைத்தேன். அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"யாருக்குடி? அன்னிக்கு வந்தாரே, அந்தப் பேச்சு வராதவரா?"

நான் வாயடைத்து நின்றேன். ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். "அய்யோ பாவம். என் கையால சாப்பிட்டுட்டுப் போனாரே" என்று உண்மையாகவே அழுதாள்.

தீர்த்தம் தெளிக்கும்போது ஞானஸ்நானப் பேரைச் சொல்ல வேண்டும். சொன்னேன். கூல்வென் மல்கோர்ன். பெண்கள் நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அம்மாதான் சமாளித்தாள். "என் பிள்ளை இல்லம்மா, அவன் போன ஞாயிறுகூடப் பேசினான். இது அதே பேர்ல வேற ஒருத்தர். அந்த ஊமை மனுஷன். அவருக்காக வேண்டிக்குங்க." எல்லோரும் சிலுவை அடையாளம் போட்டு, அந்த ஊமை மனிதரின் ஆத்துமா இளைப்பாறட்டும் என்றார்கள். நான் குறுக்கே பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அம்மா உடைந்துபோவாள் என்று பயந்தேன்.

அப்போது போன் அடித்தது. ஞாயிறுகூட இல்லை. அம்மா எடுத்து, சிலுவைக்குப் பக்கத்தில் வைத்தாள். உன் குரல் இறந்தவர்களுக்கான மன்றாட்டைச் சொல்லத் தொடங்கியது, நிதானமாக, ஒரு சொல் தவறாமல். பெண்கள் பதில் சொன்னார்கள். திக்கோஸ் அம்மாள், அது தன் கையைத் தாண்டாமல் வந்த போன் என்பதையே மறந்து, என் காதில், "எவ்வளவு பாசமான பையன்" என்றாள்.

சிலுவையைக் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுச் சிலுவைகளுக்கென்று கட்டிய சின்ன மாடத்துக்குள் வைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. அடக்கம் பண்ணினது அதை அல்ல. எல்லோரும் சேர்ந்து பேர் சொல்லி அழுது அனுப்பியது உன்னை.

ஓடிப்போய்ச் சிலுவையை எடுக்கப் பார்த்தேன். உள்ளே வைத்த மெழுகை வெளியே எடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்று கல்லறைக் காவல்காரர் மாடத்தைப் பூட்டிவிட்டார்.

உடனே பதில் போடு.

அசெனோர்


வெசான் தீவு
16 ஜூலை 1973

தம்பி,

உன் பதில் வரவில்லை. தந்தி கொடுத்தேன். அதற்கும் இல்லை.

நேற்று ஞாயிறு. மணி அடித்தது. அம்மா எடுத்துக் கேட்டுவிட்டு, முதல் தடவையாகப் போனை என் பக்கம் நீட்டினாள். "உன்னைத்தான் கேக்கறான்."

வாங்கினேன்.

"அக்கா, நல்லா இருக்கியா?"

எத்தனை வருஷம் ஆயிற்று நீ என்னை அப்படிக் கூப்பிட்டு! ஒரு நொடி எல்லாம் மறந்துவிட்டேன். "கூல்வென், நீயாடா? கடிதம் போட்டேனே, கிடைச்சுதா?" என்றேன்.

"கிடைச்சுது அக்கா, எல்லாக் கடுதாசியும் கிடைச்சுது. இனிமே அந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம். அங்க யாரும் இல்ல."

அவ்வளவு அன்பாகச் சொன்னது. அம்மா என் முதுகைத் தட்டி, "பாத்தியா, உன் மேலயும் பிரியமாத்தான் இருக்கான்" என்றாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அங்கே யாரும் இல்லை என்று அது சொன்னதால்தான் இந்தக் கடிதத்தை அந்த விலாசத்துக்கே எழுதுகிறேன். எனக்குக் குரல் வேண்டாம் கூல்வென். உன் கையால் ஒரு கோடு கிழித்து அனுப்பு, போதும். எழுத முடியாவிட்டால் வெறும் உறையை அனுப்பு. விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறை ஒன்றை இதற்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

அக்கா